ஆர்மீனியா போகிறவர்கள் யெகெகிஸ் கிராமத்தைத் தவறவிடாதீர்கள்

மலைப்பாதை எழுதியது:

இங்கே ஆர்மீனியா பற்றி யார் கேட்டாலும் ஒரே பட்டியல்தான் பதிலாக வருகிறது. கார்னி, கெகார்ட், செவான் ஏரி, கோர் விராப், நோரவாங்க், நேரமிருந்தால் தாத்தேவ் ரோப்கார். எல்லாம் நல்ல இடங்கள்தான், போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நோரவாங்க் வரை போகிறவர்கள் இன்னும் கொஞ்ச தூரம் காரை ஓட்டினால் யெகெகிஸ் என்று ஒரு கிராமம் வரும், அதைப் பற்றி இங்கே ஒருவரும் எழுதாததால் நான் எழுதுகிறேன்.

வயோட்ஸ் த்ஸோர் மாகாணம். யெரெவானிலிருந்து தெற்கே வரும் பெரிய சாலையில் யெகெக்னாட்ஸோர் நகரத்தை நெருங்கும்போது கெட்டாப் என்ற இடத்தில் வடக்கே செலிம் கணவாய்க்கு ஒரு சாலை பிரியும். அதில் ஷாட்டின் கிராமம் வரை போய், அங்கிருந்து கிளைச்சாலையில் கிழக்கே திரும்ப வேண்டும். ஆற்றின் பெயரும் யெகெகிஸ்தான், கீழே போய் அர்பா ஆற்றில் சேருகிறது. சில நூறு பேர் வாழும் ஊர். வால்நட் மரங்கள், வைக்கோல் போர், வீட்டுக்கு வீடு மாடு, தேன் பெட்டிகள்.

இந்தச் சின்ன ஊரில் மட்டும் பழைய தேவாலயங்கள் மூன்று. ஆற்றைத் தாண்டினால் 13, 14ஆம் நூற்றாண்டு யூதர்களின் இடுகாடு. மலை முகட்டில் ஸ்ம்பதாபெர்ட் கோட்டை, அதற்கும் மேலே ட்ஸாகாட்ஸ் கார் என்ற பாழடைந்த மடம். பிரதான சாலைக்குத் திரும்பி வடக்கே ஏறினால் 1332இல் கட்டிய வணிகர் சத்திரம். எல்லாம் ஒரே பள்ளத்தாக்கு.

காரணம் ஓர்பெலியன் குடும்பம். ஜார்ஜியாவில் 1177இல் அரசருக்கு எதிரான கலகம் தோற்ற பிறகு துரத்தப்பட்ட பிரபுக் குலம் அது. பிறகு சியூனிக் பகுதியில் நிலம் கிடைத்து இங்கே வேரூன்றினார்கள். மங்கோலியர் வந்தபோது இவர்களில் ஸ்ம்பத் என்பவர் 1250களில் மங்கோலியத் தலைநகரான காரகோரம் வரை போய்ப் பேரரசர் மோங்கே கானை நேரில் பார்த்து, தன் நிலத்துக்கு நேரடிப் பாதுகாப்பு வாங்கி வந்தார். அன்றைய வசதியில் அந்தத் தூரத்தை நினைத்துப் பாருங்கள். அதன் பலனாகச் சுற்றுவட்டாரமெல்லாம் நொறுங்கிக் கிடந்த காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் கட்டடம் எழும்பியது, ஏடு எழுதப்பட்டது, வணிகம் நடந்தது.

நோரவாங்கில் நாம் பார்ப்பது அவர்கள் புதைக்கப்பட்ட இடம். வாழ்ந்த இடம் யெகெகிஸ். அதனால்தான் நோரவாங்க் மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்களிடம் இதையும் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நெடுஞ்சாலை எழுதியது:

நல்ல பதிவு. ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்து. துபாயிலிருந்து நாலு நாள் விடுமுறையில் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. நான் நோரவாங்க் பார்த்தேன், அந்தச் செம்பாறைப் பள்ளத்தாக்கும், புர்தெலாஷென் தேவாலயத்தின் முகப்பில் கைப்பிடி இல்லாமல் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒடுக்கமான படிகளும் போதும் போதும் என்றிருந்தது. அதற்குப் பிறகு இன்னொரு கிராமம், இன்னும் சில தேவாலயம் என்றால் பிள்ளைகள் காரை விட்டே இறங்க மாட்டார்கள். ஆர்மீனியாவில் எந்தத் திருப்பத்திலும் ஒரு பழைய தேவாலயம் இருக்கிறது, இது எதில் வேறுபடுகிறது?

மலைப்பாதை எழுதியது:

நியாயமான கேள்வி. யெகெகிஸின் மூன்று தேவாலயங்களில் ஸோராட்ஸ் தேவாலயத்தை மட்டும் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

அதற்கு உள்ளே என்று ஒன்று இல்லை. கிழக்குப் பக்கம் பலிபீடம், இரண்டு ஓரமும் சிறு அறைகள், அவ்வளவுதான் கட்டடம். மக்கள் நிற்க வேண்டிய மண்டபமே கட்டப்படவில்லை. மேற்கே முழுக்கத் திறந்த புல்வெளி. பலிபீட மேடை தரையிலிருந்து நன்றாக உயர்ந்து நிற்கிறது, குதிரை மேல் உட்கார்ந்திருப்பவரின் பார்வை மட்டத்துக்கு. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர்பெலியன் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்தெபானோஸ் என்ற ஆயர் கட்டுவித்தது. போருக்குப் புறப்படும் வீரர்கள் குதிரையோடு அந்த வெளியில் வந்து நின்று ஆசி வாங்கினார்கள் என்று சொல்கிறார்கள், படைவீரர் தேவாலயம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆர்மீனியாவில் இப்படி ஒன்றை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

பிள்ளைகளை அந்தப் புல்வெளியில் ஓட விடுங்கள். கதவில்லாத கோயிலில் அமைதியாக இரு என்று யாரும் அதட்டப் போவதில்லை.

வரலாறு மாணவன் எழுதியது:

குதிரைக் கதை அழகாக இருக்கிறது, ஆனால் நான் கொஞ்சம் நிதானமாகவே எடுத்துக்கொள்வேன். மேடை உயரம் என்பது ஆர்மீனியத் தேவாலயங்களில் பொதுவானதுதான், பலிபீடம் எப்போதுமே தரையை விட உயரத்தில்தான் இருக்கும். பெருந்திரளான மக்கள் கூடும் திருவிழாவுக்குத் திறந்த வெளி வேண்டும் என்று நினைத்துக் கட்டியிருந்தாலும் இதே வடிவம்தான் வந்திருக்கும். வீரர்கள் வந்திருக்கலாம், மறுக்கவில்லை. பெயரும் அதற்குச் சாட்சி. ஆனால் வழிகாட்டிகள் சொல்வதுபோல் அதற்காக மட்டுமே கட்டினார்கள் என்று அடித்துச் சொல்ல அந்தக் கட்டடம் ஒன்று மட்டும் போதாது என்பது என் எண்ணம்.

மலைப்பாதை எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது. இருந்தாலும் ஓர்பெலியன்கள் மங்கோலியப் படைகளோடு சேர்ந்து படையெடுப்புகளுக்குப் போக வேண்டிய கட்டாயத்தில் இருந்தவர்கள். கானிடம் பாதுகாப்பு வாங்கியதற்கு விலை அதுதான். ஒவ்வொரு தடவையும் இந்த ஊரிலிருந்து ஆண்கள் எங்கோ தெரியாத போருக்குக் கிளம்பியிருக்கிறார்கள். அதை வைத்துப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கதை பொருத்தமாகவே படுகிறது.

கல்வெட்டுப் பிரியன் எழுதியது:

யூதர் இடுகாடு என்று ஒரு வரியில் கடந்துவிட்டீர்களே, அதைத்தான் விரிவாகக் கேட்க விரும்புகிறேன். கல்லில் எழுத்து இருக்கிறதா? என்ன எழுத்து? தேதி உண்டா? எழுத்தில்லாத கல் என்றால் யூதர் என்று எப்படிச் சொன்னார்கள்?

மலைப்பாதை எழுதியது:

எழுத்து இருக்கிறது, எபிரேயத்திலும் அரமேயத்திலும். அதனால்தான் சந்தேகமே இல்லாமல் போனது.

1996இல் சியூனிக் ஆயர் ஆப்ரகாம் ம்கிர்ட்சியான் இந்தக் கற்களைக் கண்டுபிடித்துச் சொன்னார். ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் ஆர்மீனிய ஆய்வுகளை நடத்திவந்த மைக்கேல் ஸ்டோனும், தொல்லியலாளர் டேவிட் அமிட்டும் 2000, 2001ஆம் ஆண்டுகளில் வந்து அகழ்ந்தார்கள். உடைந்தவை, முழுசானவை எல்லாம் சேர்த்து 60க்கும் மேற்பட்ட கல்லறைக் கற்கள். எல்லாவற்றிலும் எழுத்தில்லை. எழுத்தும் தேதியும் உள்ளவற்றில் மிகப் பழையது 1266, கடைசி 1337ஐ ஒட்டியது. ஏறக்குறைய 70 வருட இடைவெளி, அதாவது மூன்று தலைமுறை.

அகழ்வுக்கு முன்னால், இடைக்கால ஆர்மீனியாவின் இந்தப் பகுதியில் யூதர்கள் ஊராக வாழ்ந்தார்கள் என்பதற்கு யாரிடமும் உருப்படியான ஆதாரம் இருக்கவில்லை. ஒரே ஒரு மேட்டு நிலம் அதை மாற்றிவிட்டது.

ஒரு கல்லில் மிக்கேல் என்பவரின் மகள் எஸ்தர் என்ற பெண்ணின் பெயர் இருக்கிறது. திருமணத்துக்கு நிச்சயிக்கப்பட்டவள், மணமாகும் முன்பே இறந்துவிட்டாள். அவள் பங்கு அன்னை சாராவோடு இருக்கட்டும் என்ற வேண்டுதல் ஒரு பக்கம். மறுபக்கம் நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்திலிருந்து, சௌந்தரியம் வஞ்சனையுள்ளது, அழகும் வீண், கர்த்தருக்குப் பயப்படுகிற ஸ்திரீயே புகழப்படுவாள் என்கிற வசனம். ஒரு தகப்பன் உட்கார்ந்து யோசித்து இந்த வரியைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். அதன் முன்னால் நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

கற்களின் வடிவத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். படுக்க வைத்த அரை உருளை வடிவம், எடை மிகுந்த எரிமலைக் கல். பக்கத்தில் செதுக்கியிருக்கும் சுழலும் சக்கரம், மலர் வட்டம் எல்லாம் அக்கரையில் இருக்கும் கிறிஸ்தவக் கல்லறைகளிலும் அப்படியே இருக்கின்றன. ஒரே கல்தச்சர்கள் இரண்டு சமூகத்துக்கும் வேலை செய்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் நினைப்பது அதனால்தான். எபிரேயம் தெரியாத ஆர்மீனியச் சிற்பி, எழுதிக் கொடுத்ததைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக வெட்டியிருப்பார் என்று நான் கற்பனை செய்துகொள்கிறேன்.

கல்வெட்டுப் பிரியன் எழுதியது:

மிக்க நன்றி. இதைப் படித்துவிட்டு இரவெல்லாம் இதே நினைப்புதான். ஒரே சந்தேகம். மலைநடுவே இந்த ஊருக்கு யூதர்கள் ஏன் வந்தார்கள்? 1337க்குப் பிறகு எங்கே போனார்கள்?

வரலாறு மாணவன் எழுதியது:

ஏன் வந்தார்கள் என்பதற்கு அந்தக் கல்லறைகளில் விடை இல்லை. ஆனால் 1337 என்ற கடைசித் தேதியைப் பார்த்தவுடன் எனக்கு ஒன்று பொறி தட்டியது. ஈரானை ஆண்ட மங்கோலியரான இல்கான்களில் நாடு முழுவதையும் கட்டியாண்ட கடைசி மன்னர் அபு சயீத் இறந்தது 1335. அவருக்கு வாரிசு இல்லை. அடுத்த சில வருடங்களில் அந்த அரசு துண்டு துண்டாகச் சிதறியது. ஈரானின் தப்ரீஸ் நகரம் வழியாக நடந்த பெருவணிகம் ஆட்டம் கண்டது. அரசு இருந்த வரை பாதை பாதுகாப்பாக இருந்தது, பாதை இருந்த வரை வணிகர் குடியிருப்பு இருந்தது. பாரசீகப் பக்கமிருந்து வந்தவர்களாக இருந்தால், பாதை செத்ததும் அவர்களும் கிளம்பியிருக்கலாம். இது என் ஊகம் மட்டுமே, ஆனால் தேதிகள் இவ்வளவு நெருங்கி வருவதைத் தற்செயல் என்று ஒதுக்க மனம் வரவில்லை.

மலைப்பாதை எழுதியது:

நான் சொல்ல நினைத்த இடத்துக்கே வந்துவிட்டீர்கள். இந்த ஊரைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் கணவாய்க்குப் போயே ஆக வேண்டும்.

செலிம் கணவாய் 2410 மீட்டர் உயரம். அந்தப் பக்கம் இறங்கினால் செவான் ஏரி, இந்தப் பக்கம் இறங்கினால் யெகெகிஸ், அர்பா, பிறகு அராஸ் ஆறு, அதையும் தாண்டினால் தப்ரீஸ். உச்சியிலிருந்து சற்றுக் கீழே, தெற்குச் சரிவில் அந்தச் சத்திரம் நிற்கிறது. கருங்கல் போன்ற எரிமலைக் கல். உட்கார்ந்திருக்கும் யானையைப் போலத் தாழ்ந்து, நீண்டு, அசையாமல் இருக்கும். வெளிச் சுவரில் ஜன்னலே கிடையாது, பனிக்காற்றுக்காகவும் பாதுகாப்புக்காகவும். வெளிச்சமும் காற்றும் வருவது, உள்ளே மூட்டும் தீயின் புகை போவது எல்லாம் கூரையில் விட்ட துவாரங்கள் வழியாகத்தான்.

உள்ளே ஏழு ஜோடித் தூண்கள் நீளவாக்கில் மூன்று பிரிவாகப் பிரிக்கின்றன. நடுப்பகுதி அகலமானது, அங்கே சுமை விலங்குகள். இரு ஓரமும் மனிதர்கள். தூண்களுக்கு நடுவே கல்லில் வெட்டிய தீவனத் தொட்டிகள், மூலையில் தண்ணீர்த் தொட்டி. கழுதையின் மூச்சுச் சூட்டில் குளிர்காய்ந்துகொண்டு வியாபாரி தூங்கியிருப்பார்.

கல்வெட்டுப் பிரியன், இது உங்களுக்கு. வாசலில் இரண்டு மொழி. வெளியே கதவின் மேல் அரபு எழுத்தில் பாரசீகம். முன்மண்டபத்துக்குள் நுழைந்தால் ஆர்மீனியம். ஆர்மீனியக் கல்வெட்டு அபு சயீத் கானின் ஆட்சியைச் சொல்லித் தொடங்கி, செசார் ஓர்பெலியன் தன் தகப்பன், தாய் பெயரைச் சொல்லி, சிங்கம் போன்ற அழகுடைய தன் சகோதரர்கள் புர்தெல், ஸ்ம்பத், எலிகும் என்று வரிசையாகச் சொல்லி, மனைவி பெயரையும் சொல்லி, ஆன்ம ஈடேற்றத்துக்காகச் சொந்தப் பணத்தில் கட்டியதாக முடிகிறது. அந்தப் புர்தெல்தான் நெடுஞ்சாலை சார் பார்த்த நோரவாங்க் படிக்கட்டுத் தேவாலயத்தைக் கட்டுவித்தவர், 1339இல். வாசலின் மேலே ஒரு பக்கம் சிறகுள்ள விலங்கு, ஒரு பக்கம் காளை.

ஆக, பாரசீகம் படிக்கும் வணிகர், ஆர்மீனிய பிரபு, எபிரேயத்தில் கல்லறை வைத்த குடும்பம், எங்கோ ஈரானில் இருந்த மங்கோலிய மன்னர், எல்லோரும் ஒரே பாதையில் கட்டுண்டவர்கள். ஊரை மட்டும் பார்த்தால் யூதர் எப்படி வந்தார் என்று வியப்பாக இருக்கும். சத்திரத்தைப் பார்த்த பிறகு, வராமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

நெடுஞ்சாலை எழுதியது:

அந்தப் படிக்கட்டைக் கட்டியவரின் அண்ணனோ தம்பியோ கட்டிய சத்திரம் என்று முன்பே தெரிந்திருந்தால் கண்டிப்பாகப் போயிருப்பேன். செவானிலிருந்து நோரவாங்குக்கு அந்தக் கணவாய் வழியாகவே வரலாமா? நாங்கள் யெரெவானுக்குத் திரும்பி மறுநாள் மறுபடி கிளம்பினோம்.

குளிர்நாட்டு மாணவன் எழுதியது:

வணக்கம். யெரெவானில் மருத்துவம் படிக்கிறேன், நம் ஊர்ப் பிள்ளைகள் இங்கே நிறைய பேர் இருக்கிறோம். மேலே கேட்டதற்குப் பதில், ஆமாம், செவான் கரையிலிருந்து மார்ட்டுனி வந்து அங்கிருந்து கணவாய் ஏறி இறங்கினால் நேராக ஷாட்டின். வட்டமாகச் சுற்றி வரலாம், வந்த வழியே திரும்ப வேண்டாம். ஆனால் குளிர்காலத்தில் பனி மூடிச் சாலையை அடைத்துவிடுவார்கள், வசந்தத்தின் தொடக்கத்திலும் நம்ப முடியாது. ஜூன் முதல் அக்டோபர் நடு வரை நல்லது. கிளம்பும் நாள் காலையில் மார்ட்டுனியிலோ யெகெக்னாட்ஸோரிலோ யாரிடமாவது கேட்டுவிட்டு ஏறுங்கள்.

பஸ் பற்றி: யெரெவானிலிருந்து யெகெக்னாட்ஸோருக்கு மார்ஷ்ருட்கா வேன் உண்டு, அங்கிருந்து யெகெகிஸுக்கு டாக்ஸி பேசுவதுதான் சுலபம். டிரைவரிடம் திரும்பி வரும் வரை காத்திருக்கவும் சேர்த்தே பேசிவிடுங்கள். ரஷ்ய மொழி நாலு வார்த்தை தெரிந்தால் எல்லாம் எளிதாகிவிடும், பெரியவர்கள் எல்லோரும் பேசுவார்கள்.

சாப்பாட்டுக்கு ஹோட்டலைத் தேட வேண்டாம். விருந்தினர் வீடுகள் இருக்கின்றன, முன்கூட்டிச் சொன்னால் தரையில் குழி வெட்டிய தோனிர் அடுப்பில் சுட்ட லவாஷ் ரொட்டி, மாட்ஸுன் தயிர், அவெலுக் என்கிற காட்டுக்கீரை எல்லாம் கிடைக்கும். அவெலுக்கைப் பின்னலாகப் பின்னிக் காயவைத்துத் தொங்கவிட்டிருப்பார்கள், பூண்டும் வால்நட்டும் போட்டுச் சமைப்பார்கள். நம் வாய்க்கு நன்றாகவே ஒத்துப்போகும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அன்போடு கோழியை அறுத்துவிடுவார்கள்.

தேன்மொழி எழுதியது:

அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு செப்டம்பரில் போகிறேன். இரண்டு பேருக்கும் முழங்கால் வலி. மேலே சொன்னவற்றில் எவை அவர்களால் முடியும், எவை முடியாது என்று யாராவது சொல்லுங்களேன்.

மலைப்பாதை எழுதியது:

தாராளமாகப் போகலாம், தேன்மொழி. சத்திரம் சாலையோரத்திலேயே இருக்கிறது, காரிலிருந்து இறங்கிச் சிறிது நடந்தால் வாசல். உள்ளே இருட்டு, தரை சமமில்லை, கைவிளக்கும் ஒரு கையைப் பிடித்துக்கொள்ள ஆளும் வேண்டும். ஸோராட்ஸ் தேவாலயமும் ஊரை ஒட்டியே. ஊருக்குள் இருக்கும் அஸ்த்வத்ஸாத்ஸின் தேவாலயம் (மாதா கோயில்), கராபெட் தேவாலயம் இரண்டும் பெரிய ஏற்றம் இல்லாதவை. மாதா கோயில் கூரையில் புல் முளைத்துப் பச்சையாக இருக்கும், அம்மாவுக்குப் பிடிக்கும். யூதர் இடுகாட்டுக்கு நடைபாலம் தாண்ட வேண்டும், மெதுவாகப் போனால் முடியும்.

ஸ்ம்பதாபெர்ட் வேண்டாம். நல்ல ஏற்றம், நிழல் கிடையாது. ஆர்டாபுயின்க் கிராமத்திலிருந்து ஜீப் பேசி ஓரளவு மேலே போகலாம், ட்ஸாகாட்ஸ் காருக்கும் அதே மண்பாதைதான், ஆனால் குலுங்குகிற குலுக்கலில் முழங்கால் தப்பினாலும் முதுகு தப்பாது. ஏறுகிறவர்களுக்கு ஒன்று: கோடையில் இங்கே விரியன் பாம்புகள் உண்டு. கணுக்கால் மூடும் ஷூ, கையில் கம்பு, கல்லின் மேல் கை வைக்கும் முன் ஒரு பார்வை.

வரலாறு மாணவன் எழுதியது:

கோட்டையைப் பற்றி யாரும் எழுதவில்லையே. இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஓடும் முகடு, பக்கங்களில் செங்குத்துப் பாறை, இயற்கை காக்காத பக்கத்துக்கு மட்டும் இரண்டு மூன்று மீட்டர் தடிமனில் மதில். அடித்தளம் 5ஆம் நூற்றாண்டு என்பார்கள், இப்போது காண்பதில் பெரும்பகுதி 9, 10ஆம் நூற்றாண்டு சியூனிக் இளவரசர்கள் காலத்தது. ஆர்மீனியாவின் பெரிய கோட்டைகளில் ஒன்று. கோட்டைக்குள் ஊற்று கிடையாது. மேலே ட்ஸாகாட்ஸ் கார் மடத்திலிருந்து மண்ணுக்கடியில் சுடுமண் குழாய் பதித்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள் என்றும், முற்றுகையிட்ட துருக்கியர் ஒரு குதிரையைத் தாகத்தோடு பட்டினி போட்டு அவிழ்த்துவிட, அது மோப்பம் பிடித்துக் காலால் தோண்டிக் குழாயைக் காட்டிக்கொடுத்தது என்றும் கதை. குதிரை மோப்பக் கதை வேறு பல ஆர்மீனியக் கோட்டைகளுக்கும் சொல்லப்படுகிறது, அதனால் கதையை விட்டுவிடலாம். ஆனால் மதிலை விடத் தண்ணீர்தான் கோட்டையின் உயிர் என்று அங்கே நின்றால் புரியும். மடத்தையும் கோட்டையையும் தனித்தனி இடமாக நினைக்காமல் ஒரே அமைப்பாகப் பாருங்கள். ட்ஸாகாட்ஸ் காரின் கட்டடங்கள் 10, 11ஆம் நூற்றாண்டு, அங்கே நிற்கும் கச்கார் சிலுவைக் கற்கள் ஆளுயரத்துக்கு மேல்.

கல்வெட்டுப் பிரியன் எழுதியது:

அந்த நடைபாலத்தைப் பற்றித் தேடிப் படித்ததில் ஒரு செய்தி என்னை உறுத்துகிறது. பாலத்தின் அடித்தளத்துக்கே யூதர் கல்லறைக் கற்களைப் பயன்படுத்தியிருந்தார்களாம், ஆற்றோரப் பழைய மாவுமில்லிலும் சில கற்கள் கிடைத்தனவாம். இறந்தவரின் பெயர் வெட்டிய கல்லை எடுத்துப் பாலத்துக்குப் போட எப்படி மனம் வந்தது?

குளிர்நாட்டு மாணவன் எழுதியது:

அண்ணா, படிக்கத் தெரியாத எழுத்து, உரிமை கேட்க ஆளில்லாத நிலம், பக்கத்திலேயே நன்றாகச் செதுக்கிய பெரிய கல். வெள்ளத்தில் பாலம் போனால் அக்கரைக்குப் போக வழியில்லாத கிராமத்தார் அதைத்தான் எடுப்பார்கள். கேடு செய்யும் எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. இப்போது அந்த இடுகாட்டுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பியிருக்கிறார்கள், ஊர்ச் சிறுவர்களே வழி காட்டுகிறார்கள்.

மலைப்பாதை எழுதியது:

நானும் அப்படித்தான் பார்க்கிறேன். ஆனால் தேவைக்காகக் கல்லை எடுப்பது ஒன்று, ஒரு மக்கள் இருந்த அடையாளத்தையே அழிப்பதற்காக உடைப்பது வேறு. இதே அர்பா ஆறு போய்ச் சேரும் அராஸ் கரையில், அஜர்பைஜானின் நக்கிச்செவான் பகுதியிலுள்ள ஜூல்ஃபாவில் ஆயிரக்கணக்கான கச்கார்கள் நின்ற இடுகாடு இருந்தது. 1998இல் தொடங்கி 2005 டிசம்பருக்குள் அதை அஜர்பைஜான் படையினர் சம்மட்டியால் உடைத்துத் தரைமட்டமாக்கினார்கள், ஈரான் கரையிலிருந்து எடுத்த வீடியோ இருக்கிறது. 2010இல் கச்கார் கலையை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது அந்த இடுகாடு இல்லை.

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வயோட்ஸ் த்ஸோரின் பல ஊர்களில் 1988 வரை அஜர்பைஜானிக் குடும்பங்கள் வாழ்ந்தன. யெகெகிஸுக்கே சோவியத் காலத்தில் அலயாஸ் என்று பெயர். கராபாக் பகுதிக்காக ஆர்மீனியருக்கும் அஜர்பைஜானியருக்கும் மோதல் வெடித்ததும் அவர்கள் போக வேண்டியதாயிற்று, அஜர்பைஜானிலிருந்து துரத்தப்பட்ட ஆர்மீனியர்கள் வந்து இப்படிப்பட்ட காலி வீடுகளில் குடியேறினார்கள். நீங்கள் தேநீர் குடிக்கும் வீட்டின் பாட்டி வேறெங்கோ பிறந்தவராக இருக்கலாம். கேட்டால் சொல்வார்கள். ஆனால் நாமாகக் கிளற வேண்டாம், காயம் இன்னும் ஆறவில்லை.

சாந்தோம்காரன் எழுதியது:

ஜூல்ஃபா என்றதும் எழுத வேண்டும் என்று தோன்றியது. அந்த ஜூல்ஃபா ஆர்மீனியர்களைத்தான் ஷா அப்பாஸ் 1604, 1605இல் பெயர்த்துக்கொண்டுபோய் இஸ்பஹானில் புது ஜூல்ஃபா என்று குடியேற்றினார். அங்கிருந்து கிளம்பிய வணிகர்கள்தான் நம் சென்னைக்கு வந்தவர்கள். அர்மேனியன் தெருவில் 1772இல் கட்டிய மாதா கோயில் அவர்களுடையது, சைதாப்பேட்டையில் அடையாற்றுக்கு முதல் பாலம் கட்டிக் கொடுத்த பெட்ரூஸ் உஸ்கான் அவர்களில் ஒருவர். உலகத்தில் ஆர்மீனிய மொழியில் வந்த முதல் பத்திரிகை அஸ்தரார், 1794இல் சென்னையில்தான் அச்சானது, ஹாருத்யூன் ஷ்மாவோனியான் என்ற பாதிரியார் நடத்தினார். யெகெகிஸ் போகிறவர்கள் கிளம்பும் முன் ஒரு ஞாயிறு அந்தக் கோயிலுக்குப் போய்த் தரையில் பதித்த கல்லறைக் கற்களைப் பார்த்துவிட்டுப் போங்கள். அந்த எழுத்து கண்ணுக்குப் பழகியிருக்கும்.

தேன்மொழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்கு இந்த இழை முழுவதையும் படித்துக் காட்டினேன், சத்திரத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார். இப்போது திட்டம் இப்படி: செவானில் ஓர் இரவு, காலையில் மார்ட்டுனி வழியாகக் கணவாய், சத்திரம், மதியம் யெகெகிஸ், இரவு அங்கேயே விருந்தினர் வீடு, மறுநாள் நோரவாங்க் பார்த்துக்கொண்டு யெரெவான். சரியாக இருக்குமா? கணவாயில் செப்டம்பரில் குளிருமா?

மலைப்பாதை எழுதியது:

திட்டம் நன்றாக இருக்கிறது. ஒரே மாற்றம், யெகெகிஸில் மதியத்தில் இடுகாட்டுக்குப் போகாதீர்கள். மாலை வெயில் சாய்வாக விழும்போதுதான் கல்லில் தேய்ந்த எழுத்து தெரியும், உச்சி வெயிலில் வெறும் கல்லாகத்தான் இருக்கும். மதியம் சாப்பாடு, ஸோராட்ஸ், பெற்றோருக்கு ஓய்வு, நாலு மணிக்கு மேல் பாலம் தாண்டுங்கள்.

கணவாயில் செப்டம்பரிலும் காற்று பலமாக இருக்கும், ஸ்வெட்டரும் காதை மூடக் குல்லாவும் காரிலேயே கைக்கெட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள், பெட்டிக்குள் பூட்டி வைக்க வேண்டாம். அப்பாவிடம் கைவிளக்கைக் கொடுத்துவிடுங்கள், முன்மண்டபத்தில் ஆர்மீனியக் கல்வெட்டை அவரே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.